முகாம் வீட்டு அண்டா

புத்தூரிலிருந்து நாராயணவனம் போகிற சாலையில், மலை சற்றுக் கிட்டே வந்து நிற்கும் இடத்தில், புளியமரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு ஓட்டு வீடு இருந்தது. மிஷன் துரைமார் காலத்தில் கட்டியது. ஊரார் அதைக் கேம்ப் வீடு என்பார்கள். மே மாதத்தில் ஒரு வாரம் சபை வாலிபர்கள் வந்து தங்குவார்கள். மற்ற நாளெல்லாம் அதில் குடியிருந்தது பல்லிகளும் வௌவால்களும்தான்.

பின்பக்கத்து ஒற்றை அறையில் பாப்பாத்தி இருந்தாள். அவளைச் சமையற்காரி என்பதா, காவற்காரி என்பதா என்று சபைக் கமிட்டிக்கே தெளிவில்லை. சம்பளம் அவள் புருஷன் துலுக்காணத்தின் பெயரில் வந்தது. வேலை முழுக்க அவள் செய்தாள். துலுக்காணம் மரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு சாலையைக் காவல் காத்தான். சாலையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பதால் அவன் வேலையில் குறை சொல்ல இடமில்லை.

நகரிக்குப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள் அவள். பிள்ளைகள் பிறந்தன, தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். அவள் பேசுவதெல்லாம் கேம்ப்பைப் பற்றித்தான். மற்றவர்கள் தீபாவளி, பொங்கல் என்று காலத்தைக் கணக்கு வைத்தால், அவள் 'போன கேம்ப்புக்கு முந்தி', 'போன கேம்ப்புக்கு அப்பறம்' என்று கணக்கு வைப்பாள்.

அந்தக் கேம்ப்பில் ஒரு வழக்கம் இருந்தது. சபைக் குடும்பங்களில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடியரிசி என்று பேர். வருஷம் பூராச் சேர்ந்த அந்த அரிசியைத் துணியில் முடிந்து, கேம்ப்புக்குப் போகிற பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளைகள் வந்து இறங்கியதும், முகம் கழுவுவதற்கு முன்னால், கூடத்தில் விரித்த பெரிய பாயில் முடிச்சை அவிழ்த்துக் கொட்டவேண்டும். சித்தூர் அரிசி, திருப்பதி அரிசி, திருத்தணிச் சன்ன அரிசி, சூளூர்பேட்டைக் குண்டரிசி, நாகலாபுரத்துச் சிவப்பரிசி எல்லாம் ஒரே குவியலாகிவிடும். பாப்பாத்தி அதைக் கையால் அளைந்து கலந்து, பித்தளை அண்டாவில் வேளாவேளைக்கு வடிப்பாள்.

அந்தச் சோறு ஒருநாளும் ஒழுங்காக வெந்ததில்லை. சன்ன அரிசி குழைந்திருக்கும், குண்டரிசி விறைத்துக்கொண்டு நிற்கும், சிவப்பரிசி பல்லோடு சண்டைக்கு வரும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தின்பார்கள். ஆனால் ஒன்று. யார் வீட்டு அரிசி யார் வாயில் போகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நிலம் உள்ள வீட்டு அரிசியும் சேரி வீட்டு அரிசியும் அந்த அண்டாவுக்குள் போனபிறகு பிரித்தெடுக்க ஆள் பிறக்கவில்லை. ஒரே சபையில் ஞானஸ்நானம் வாங்கியும் ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைக்காத ஜனங்கள், அந்த ஒரு வாரம் பந்தியில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தார்கள்.

இந்திராணி வந்தது அந்தப் பாயின் வழியாகத்தான். திருத்தணிப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டு மருமகள், பள்ளிக்கூட டீச்சர், பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள். முதல் வருஷமே பாயின் எதிர்ப்புறத்தில் உட்கார்ந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிசியில் இரண்டு கையையும் விட்டாள்.

"டீச்சரம்மா, நீங்க எதுக்கு? கையெல்லாம் தவுடாப்பூடும்," என்றாள் பாப்பாத்தி.

"உன் கையி மட்டும் இன்னா தங்கமா? தள்ளிக் குந்து அக்கா," என்றாள் இந்திராணி.

அக்கா! பாப்பாத்தியை அதற்கு முன்னால் அந்த மாதிரி வீட்டுப் பெண் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த வாரம் முழுக்க இருவரும் அடுப்பங்கரையில்தான் இருந்தார்கள். மாமியார் கதை, பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் கதை, தங்காமல் போன பிள்ளைகளின் கதை எல்லாம் அங்கே பேசித் தீர்ந்தன. எல்லோரும் தின்று முடித்தபிறகு இருவரும் அண்டாவின் அடியைச் சுரண்டி, எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே தட்டில் தின்பார்கள். அடுத்த வருஷமும் வந்தாள். அதற்கடுத்த வருஷம் அம்சவேணி என்ற தன் சின்னப் பெண்ணையும் கூட்டி வந்து, "பெரிம்மாவுக்கு தோஸ்திரம் சொல்லு," என்றாள். பாப்பாத்திக்கு அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்றே நினைவில்லை.

இதற்கு நடுவில் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா யாருக்கு என்று தகராறு வந்தது. ரயில்வே ஸ்டேஷன் பலகைகளில் தார் பூசினார்கள், கூட்டம் போட்டார்கள். கேம்ப்பிலும் கொஞ்சம் புகைந்தது. பாட்டு தமிழிலா தெலுங்கிலா என்று வாலிபர்கள் மல்லுக்கு நின்றதில், முதல் சரணம் தமிழ், அடுத்த சரணம் தெலுங்கு என்று ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டு நீண்டது, சோறு ஆறியது, வேறு சேதமில்லை.

ஆனால் அறுபதாம் வருஷம் ஏப்ரலில் எல்லையைக் கோடு போட்டு முடித்தார்கள். திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. ரயில் பழையபடி அதே தண்டவாளத்தில்தான் ஓடியது. சபைக் கமிட்டிகள் மட்டும் சர்க்காரைவிடச் சுறுசுறுப்பாக இருந்தன. சபைகள் சேர்ந்த வட்டகையை இரண்டாகப் பிரித்தார்கள். திருத்தணி வாலிபர்களுக்கு அந்தப் பக்கத்தில் கூட்டம், இந்தப் பக்கத்து வாலிபர்களுக்குச் சித்தூரில் பள்ளி ஹாஸ்டலில் கூட்டம், மின்விசிறியோடு. கேம்ப் வீட்டுக்கு என்ன செய்வது என்று யாரும் தீர்மானம் போடவில்லை. அண்டாவைக் கவிழ்த்து வைத்த சமையற்காரியை யாரும் கேட்கவும் இல்லை.

அந்த மே மாதம் பாப்பாத்தி பாயை உதறி விரித்து வைத்தாள். யாரும் வரவில்லை.

"திருத்தணி இன்னா சீமையிலயா கீது? ரயிலேறிப் போயி அந்தம்மாவப் பாத்துட்டு வாயேன்," என்றான் துலுக்காணம். அவனுக்கு உலகத்தில் எல்லாம் சுலபம்.

அவள் ஒருமுறை போனாள். ஒரு பை மாங்காயோடு. இந்திராணி பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. மாமியார் வாசலுக்கு வந்து, "இன்னா விஷயமா வந்தே?" என்று கேட்டாள். கெட்ட பொம்பளை இல்லை. வாசற்படியில் உட்காரச் சொன்னாள், காப்பியும் கொடுத்தாள். கூரையில் செருகி வைத்திருந்த ஒரு நசுங்கிய அலுமினியத் தம்ளரை எடுத்து வந்து, அதில் உயர இருந்து ஊற்றினாள். உள்சுவரில் வேத வசனப் படம் மாட்டியிருந்தது, வாசலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

இந்திராணி வந்தாள். தம்ளரைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பாப்பாத்தியால் காண முடியவில்லை. இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து மழையைப் பற்றியும் மாங்காயைப் பற்றியும் பேசினார்கள். அடுப்பங்கரையில் வாய் ஓயாத இரண்டு பேருக்கு அங்கே பேச்சு வரவில்லை. கிளம்பும்போது பாப்பாத்தி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இந்திராணி தெருமுனை வரை கூடவே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாப்பாத்திக்கு அவள்மேல் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இந்த உலகத்தில் தானும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது இந்த அடுப்பங்கரை என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவள் திருத்தணிக்குப் போகவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துப் பானையில் போடுவதை மட்டும் விடவில்லை. வாங்குவதற்கு ஆளில்லாத பிடியரிசியில் வண்டு வைத்தது. புடைத்துப் புடைத்து மறுபடி பானையில் போட்டாள். "கேம்ப்பே இல்ல, ஆருக்குடி சேத்துக்கினு கீறே?" என்று துலுக்காணம் கேட்டால், "உனக்கில்ல," என்பாள்.

வருஷங்கள் போயின. பிறகு ஒருநாள் மணலும் சிமெண்டும் புது ஓடும் ஏற்றிய மாட்டுவண்டிகள் கேம்ப் வீட்டு வாசலில் வந்து நின்றன. பின்னாலேயே சைக்கிளில் ரத்தினம் ஐயர் வந்தார். திருப்பதிச் சபையின் போதகர். தெலுங்குக்காரர், தங்கமான மனுஷர், திட்டம் போடுவதில் மட்டும் அவருக்கு அளவு தெரியாது.

"பாப்பம்மா! வீட்டைப் புதுசு பண்றோம். வாலிபர் ஊழியம்னா என்னன்னு இங்க வந்தாத் தெரியணும். அந்த மாதிரி பண்ணப் போறோம்!"

கேம்ப் வரப்போகிறது! அவள் வேறெதையும் கேட்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டு அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள். வெயில் அண்டாவில் பட்டுக் கண் கூசும்வரை தேய்த்தாள். பாயின் ஓரத்தைத் தைத்தாள். இந்திராணி உட்காரும் பக்கத்தில் கோரை நைந்திருந்தது, அங்கே இரட்டைத் தையல் போட்டாள்.

ஐயர் அண்டாவைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "பலே! இதைத்தான் கூடத்து நடுவுல மேசை மேல வைக்கப் போறோம். கீழ அட்டை எழுதிடுவோம். யாரும் தொடாம கயிறு கட்டிடலாம்."

"மேசமேலயா? அப்பறம் எதுல ஐயரே சோறு வடிக்கறது?"

அவர் பொறுமையாக விளக்கினார். இது தங்குவதற்கில்லை, பார்ப்பதற்கு. சுவரெல்லாம் படங்கள் வரும். வாலிபர்கள் போட்ட நாடகத்துக் கிரீடம், அடித்த மத்தளம், ஊர்த் தெருவைப் பெருக்கிய கூடை எல்லாம் வரிசையாக வைப்பார்கள். அடுப்பங்கரையை இடித்துவிட்டு அங்கே தாழ்வாரம் இழுத்து, அதிலும் படம் மாட்டுவார்கள். சித்தூரிலிருந்து பெரியவர்கள் வந்து பார்ப்பார்கள். "நீ இங்கயே இருக்கலாம்மா. பெருக்கித் துடைச்சு வச்சுக்கினா போதும்."

"புள்ளிங்க?"

"பிள்ளைங்கதான் படத்துல இருப்பாங்களே," என்றார் ஐயர். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை.

அடுப்பை இடிக்க வேண்டியவர் ரங்கையா, நாராயணவனத்துக் கொத்தனார். பெருமாள் பக்தர். நாமம் போடாமல் கரண்டியைத் தொடமாட்டார். சுவரை இடித்தார், தரையைப் பெயர்த்தார், அடுப்புக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஊருக்கே சோறு போட்ட அடுப்பும்மா இது. இடிக்க நாளு பாக்கணும். இன்னிக்கு மங்களவாரம், கூடாது."

புதன்கிழமை அஷ்டமி. வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அப்புறம் அமாவாசை. பாப்பாத்தி ஞானஸ்நானம் வாங்கியவள். நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்களைப் பார்த்து ஆயுசெல்லாம் தலையில் அடித்துக்கொண்டவள். இப்போது காலையில் எழுந்ததும் ரங்கையாவிடம் போய், "இன்னிக்கு எப்பிடி மேஸ்திரி, நல்ல நாளா?" என்று கேட்டாள். "பாகலேதம்மா," என்று அவர் உதட்டைப் பிதுக்கினால், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வருவாள். எந்தச் சாமியிடமிருந்து உதவி வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை.

இப்படியே திறப்பு நாள் வந்துவிட்டது. ஐயர் ரங்கையாவைத் தமிழிலும் தெலுங்கிலும் திட்டித் தீர்த்துவிட்டு, அடுப்பங்கரை வாசலில் ஒரு நீலப் போர்வையைத் தொங்கவிட்டு மறைத்தார். திறப்பு முடிந்த திங்கட்கிழமை இடித்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மழை ஓய்ந்த டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை அது. சித்தூர்க்காரர்கள் காரில் வந்தார்கள். ஜெபம் நடந்தது, ரிப்பன் வெட்டினார்கள், எலுமிச்சை ரசமும் பிஸ்கோத்தும் கொடுத்தார்கள். புதுச் சுண்ணாம்புச் சுவர்களில் படங்கள் பளபளத்தன. ஒரு படத்தின் முன்னால் பாப்பாத்தி நின்றாள். பாயின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், நடுவில் அரிசி, இருவரும் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். துரைசானி ஒருத்தி எப்போதோ எடுத்தது. எதற்குச் சிரித்தோம் என்று பாப்பாத்தி யோசித்து யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அது நினைவுக்கு வராததுதான் அவளுக்கு அன்றைக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

அப்போது சாலையில் பாட்டு கேட்டது.

புத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு கூட்டம் நடந்து வந்துகொண்டிருந்தது. திருத்தணி வாலிபர்கள். பழைய சபை என்று அவர்களுக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள். வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. தமிழ்ச் சரணம் முடிந்ததும் பழக்கத்தில் பாட்டை நிறுத்தி, தெலுங்குச் சரணத்துக்கு இடம் விட்டார்கள். கூடத்துக்குள் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்ற திருப்பதி வாலிபர்கள் தங்களை அறியாமலே அந்தச் சரணத்தை எடுத்துப் பாடினார்கள். ஐயரும் பாடிவிட்டார்.

வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணி முடிச்சு. கேம்ப் வீட்டுக்கு வா என்றால் அரிசியோடு வா என்றுதான் அவர்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் போவதற்காக அந்த வீட்டுக்கு யாராவது கூப்பிடுவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

"அய்யய்யோ, சாப்பாடு ஏற்பாடு ஏமி லேதே!" என்று ஐயர் கையைப் பிசைந்தார்.

பாப்பாத்தி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயரே, புள்ளிங்க பசியோட வந்துகீதுங்க. அடுப்பு இன்னும் கீது."

சித்தூர்ப் பெரியவர் ஒருவர், அந்த முடிச்சுகளில் என்ன என்று விசாரித்தார். ஐயர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுவும் புரோகிராமில் உள்ளதுதான். இப்போது நேரிலேயே காண்பிப்போம்," என்றார். பொய்தான். ஆனால் அவர் ஊழியத்தில் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

பாப்பாத்தி கயிற்றை அவிழ்த்தாள், அண்டாவை மேசையிலிருந்து இறக்கினாள், நீலப் போர்வையைச் சுருட்டித் துலுக்காணத்தின் தோளில் போட்டாள். பாயை விரித்தாள். அரிசி கொட்டக் கொட்ட, அவள் கண் மட்டும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. டீச்சர்கள் கடைசியாகத்தான் வருவார்கள். கடைசியாக ஒரு பெண் வந்தாள். அதே மோவாய், அதே நடை. ஆனால் இருபது வயசு இருக்கலாம்.

"பெரிம்மா," என்றாள் அம்சவேணி.

"அம்மா வர்லியா?"

"அம்மாவ ராமநாதபுரம் பக்கம் மாத்திட்டாங்க பெரிம்மா. அங்க தனியா ரூம் எடுத்துக்கினு கீறாங்க. லீவுக்குத்தான் வருவாங்க. இத உங்க கையில குடுக்கச் சொல்லி போன லீவுல வீட்ல வச்சிட்டுப் போனாங்க. கேம்ப்னு கூப்ட்டா மறக்காம எடுத்துக்கினு போன்னாங்க."

பெரிய முடிச்சு. பாப்பாத்தி அவிழ்த்தாள். பழுத்து மஞ்சளான அரிசி, அதோடு வெளுத்த அரிசி, அதோடு தெற்கத்தி மோட்டா அரிசி. வண்டு ஊர்ந்தது. தனியாளுக்கு உலை வைக்கிறவள், நாள் தவறாமல், அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறாள். கேம்ப் இல்லாத வருஷங்களில், வாங்குவதற்கு ஆளில்லாமல்.

பாப்பாத்தி அழுதாள். கூட்டம் பார்த்தது, பார்க்கட்டும் என்று அழுதாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய், தன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதிலும் அதே மஞ்சள், அதே வண்டு. இரண்டையும் பொதுப் பாயில் கொட்டவில்லை. முறத்தில் கொட்டி, புடைத்து, கலந்து, பாதியை அதே துணியில் முடிந்து அம்சவேணியிடம் கொடுத்தாள்.

"இத அம்மாகிட்ட குடு. வருசப் பொறப்புக்கு வருமில்ல? கோயிலு வுட்டு வந்ததும், மத்தியானம், இத வடிச்சு துன்னச் சொல்லு. நானும் அதே நேரத்துக்கு இங்க வடிக்கறேன்."

"அம்மாவையே இங்க கூட்டிக்கினு வந்துர்றேனே பெரிம்மா?"

பாப்பாத்தி அடுப்பைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அது இருக்காது. அப்புறம் தன்னுடைய ஒற்றை அறைதான். அந்த நிலைப்படியைத் தாண்டி இந்திராணி வருவாளா? வருவாள் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் வாசலில் ஒரு நொடி தயங்கி நின்றுவிட்டால், அதைத் தாங்க அவளிடம் தெம்பில்லை.

"அம்மாவுக்கே தோணி வந்தா வரட்டும். நீ கூப்புடாத," என்றாள்.

அன்றைக்குச் சித்தூர்ப் பெரியவர்களும் பாயில் உட்கார்ந்து முகாம் சோறு சாப்பிட்டார்கள். ஐயர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். திங்கட்கிழமை ரங்கையா வந்து, நாள் நல்ல நாள்தான் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, அடுப்புக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, இடித்தார். அண்டா மறுபடி மேசைக்குப் போயிற்று. அடியில் பிடித்த கரியைத் தேய்க்கச் சொன்னார்கள். பாப்பாத்தி தேய்க்கவில்லை.

வருஷப் பிறப்பன்று ஆராதனை முடிந்து வந்ததும் அவள் உலை வைத்தாள். சின்னப் பானை, முறத்தில் கலந்த அரிசி. வடித்து இறக்கி, கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, ஸ்டேஷன் சாலை தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். புத்தூரில் ரயில் கூவி நின்றது. ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற அளவு நேரம் அவள் சோற்றில் கைவைக்கவில்லை. துலுக்காணம் பசியோடு அவளையும் சாலையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு அவளே அவனுக்கும் தனக்கும் தனித்தனித் தட்டில் போட்டாள்.

அவன் ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தான். "இன்னாடி இது, பாதி கொழஞ்சி கீது, பாதி வேகவே இல்ல."

"அப்பிடித்தான் இருக்கும்," என்றாள் பாப்பாத்தி. "அங்கயும் இப்ப அப்பிடித்தான் இருக்கும்."

தட்டில் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்று, எதிர்ப்பக்கத்துச் சோற்றை அப்படியே விட்டு வைத்தாள்.